ஒரு விரல் இடைவெளி

கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டி
ஏலக்காய் ஸ்டோருக்கு எதிரே தங்கச்சன் பட்டறை.
சுவரோரம் கழற்றிப் போட்ட கமான் பட்டைகள்.
மனுசனுக்குச் சொல்வதெல்லாம் இங்கே தலைகீழ்:
வளைந்திருந்தால் உயிரோடு இருக்கிறது,
நிமிர்ந்துவிட்டால் செத்துப்போச்சு.

சாயங்காலம் ஆறு மணிக்கு
பின்பக்கம் ஒரு சாய்ந்த எருமை மாதிரி
வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன்.
ஒன்பது பெண்கள் இறங்கி
பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தார்கள்.
கம்பத்துக்குக் கடைசி பஸ் எட்டே காலுக்கு.

எத்தர கிலோ ஏத்துவே, என்றான் தங்கச்சன்.
எண்ணூறு என்றேன்.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
சாக்கை விரித்து அடியில் படுத்து
டார்ச்சைப் பிடித்தான்.
மூணாவது பட்டை கீறிக் கிடக்கு,
யூ போல்ட் இழுபட்டு நீண்டிருக்கு.
பட்டை வேற கணக்கு சொல்லுதே, என்றான்.

ஆயிரத்து முந்நூறு.
உரம் ஏறுகிற வாரத்தில் மட்டும்.

அந்த 'மட்டும்' எங்கள் நடுவில் கொஞ்ச நேரம் கிடந்தது,
சிந்திய டீசல் மாதிரி.

எனக்கு ஆசை வேறு.
வாகமண் பக்கம் ஒரு பந்தயத்தில் பார்த்த ஜீப்,
ரெண்டு அங்குலம் தூக்கி வைத்து,
மஞ்சள் நிற கேஸ் ஷாக் மாட்டி,
பாறை மேல் ஆடு ஏறுவது போல ஏறியது.
அதைச் சொன்னேன்.
தூக்கினா கல்லு தப்பும்,
வளைவு தப்புமா என்றான்.
பதினெட்டு கொண்டை ஊசி இறங்குற வண்டி,
மேலே மூட்டை, உயரம் வேற,
காத்து அடிச்சாலே சாயும்.
பிறகு ஷாக் ஒன்றைக் கையில் அழுத்திக் காட்டினான்.
இது சுமக்காது கேட்டோ.
சுமக்கிறவன் துள்ளாம பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான்.

சரி, பட்டையே கூட்டிப் போடு என்றேன்.
ஏழு இருக்கிற இடத்தில் பத்து போடு.
எவ்வளவு வேணும்னாலும் ஏறட்டும்.

டயரிலிருந்து செவனம்மா பேசினாள்.
"பத்து போட்டா மூட்டைக்கு நல்லாத்தான் இருக்கும்.
மூட்டைக்கு முதுகெலும்பு இருக்காப்பா?"

யாரும் சிரிக்கவில்லை.
காலையில் மூட்டை ஏறும்,
சாயங்காலம் அதே பலகையில் இவர்கள்.
ஒன்பது பேரும் சேர்ந்தால் நானூற்றைம்பது கிலோ,
மருந்து அடித்த நாள் என்றால் இன்னும் குறையும்.
பத்து பட்டைக்கு அது எடையே இல்லை.
கட்டாந்தரையில் உட்கார்த்தி
பாறை மேல் இழுப்பது மாதிரிதான்.
போன மாசம் தூக்குச்சட்டி துள்ளி
ராக்காயி பல்லில் பட்டதை
நான் அப்போது கண்ணாடியில் பார்த்தேன்.
பார்த்துவிட்டு கியரை மாற்றினேன்.

தங்கச்சன் எழுந்து தலையைச் சொறிந்தான்.
ஆறு போதும், என்றான், மெலிசா.
அதுக்கு மேல ஒரு தடிப் பட்டை,
முட்டாம, சும்மா நிக்கும்.
சுமை ஏறி வண்டி தாழ்ந்தா மட்டும்
அது வந்து கை கொடுக்கும்.
ஆளு மட்டும் போகும்போது
அதுக்கு வேலை இல்லை.
எவ்வளவு இடைவெளி விடணும்?
அவன் கை நீட்டியது என்னிடம் அல்ல.
செவனம்மா விரலைக் காட்டினாள்,
ஏலக்காய் கிள்ளிக் கறுத்த ஆள்காட்டி விரல்.
அதை வைத்து சாக்பீஸால் குறித்தான்.

விலையைக் கேட்டு எனக்கு வாய் வறண்டது.
பாதி இப்போது, பாதி ஓணம் கழிந்து.
வண்டித் தவணை இன்னும் பதினேழு இருக்கு.
மஞ்சள் ஷாக் வாங்கவில்லை,
எண்ணெய் ஷாக், கறுப்பு, பெயர் தெரியாத கம்பெனி.
அன்றைக்கு எட்டே கால் பஸ்ஸும் போய்விட்டது.

வியாழக்கிழமை காலை உரத்தோடு ஏறினேன்.
ஓடைக் கல்லில் 'டக்' என்று
மேல் பட்டை வந்து உட்கார்ந்தது.
டிஃப்ரன்ஷியல் ஒரு கல்லில் உரசத்தான் செய்தது.
அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

சாயங்காலம் அதே ஓடை.
பின்னால் பேச்சு நிற்கவில்லை.
யாரோ யாருடைய மருமகளையோ
முழுசாகத் திட்டி முடித்தார்கள்.

இப்போதெல்லாம் ஏறுவதற்கு முன்னால்
செவனம்மா குனிந்து
சக்கரத்துக்குள் கையை விடுகிறாள்.
கிரீஸ் விரலை டயரில் துடைத்துவிட்டு
"இருக்கு" என்கிறாள் மற்றவர்களிடம்.
என்னிடம் இல்லை.